நனைந்த கைப்பேசிக்கு முதல் வைத்தியம் ஃப்ளாஷ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை பிடித்துவிட்டால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில், ‘ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அதற்கு மேல் போகவில்லை’ என்று வந்து நிற்பவர்கள் அதிகம். அவர்களில் பலருக்கும் கிடைக்கும் பதில், ‘சாஃப்ட்வேர் போய்விட்டது, ஃப்ளாஷ் அடிக்க வேண்டும்’ என்பதே. அதாவது, கைப்பேசியின் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று பொருள். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை (போர்டை)த் திறந்து பார்க்காமலேயே சொல்லப்படும் இந்தப் பதிலால் என் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் என் தங்கையின் கைப்பேசி, சென்ற மழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் விழுந்துவிட்டது. துடைத்து, ஒரு நாள் அரிசிக்குள் வைத்திருந்து, பிறகு சார்ஜ் போட்டிருக்கிறார். (அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது, நம் வீடுகளில் யார் கேட்கிறார்கள்?) அன்று முதல் லோகோ தோன்றுவதும் அணைவதுமாகவே இருந்தது. கடையில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃப்ளாஷ் செய்து கொடுத்தார்கள். வாடிக்கைக்காரர்கள் தர வேண்டிய பாக்கியை எழுதிய நோட்டு வெள்ளத்தில் ஊறிப்போயிருந்தது. அதன் பக்கங்களை எடுத்துவைத்திருந்த படங்கள் இந்த ஃப்ளாஷில் போயின. போதாக்குறைக்கு, திருட்டைத் தடுப்பதற்காக ஆண்ட்ராய்டில் வைக்கப்பட்டுள்ள பூட்டு, பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்தக் கணக்கோ, கைப்பேசி வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. அதைத் திறப்பதற்கே நான்கு நாள் அலைந்தோம். இத்தனைக்கும் பிறகு, இரண்டே நாளில் பழையபடி லோகோவிலேயே நின்றது.

வேறொரு மெக்கானிக் போர்டைக் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. பவர் பட்டனுக்குச் செல்லும் இணைப்பில் பச்சை பூத்திருந்தது. சாக்கடையும் உப்பும் கலந்த தண்ணீர் உள்ளே தங்கியிருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் செம்பு வெகு விரைவில் அரிக்கும். ஆகவே நனைந்ததும் சார்ஜ் போட்டது எங்கள் தவறுதான். அந்த அரிப்பால் பவர் பட்டனை யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாகவே கைப்பேசி எடுத்துக்கொண்டு, ஓயாமல் தன்னை அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. ஒலி பட்டனில் இப்படி ஆனால், சில கைப்பேசிகள் நேரே ரிகவரி என்னும் பழுதுநீக்கும் திரைக்குப் போய் நிற்கும் என்றார் அவர். பார்ப்பவருக்கு இரண்டும் சாஃப்ட்வேர் கோளாறாகவே தோன்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவி (போர்டு வாஷ்), பட்டன்களை இணைக்கும் ஸ்ட்ரிப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மின்சாரம் சீராக ஏறாத போர்டில் ஃப்ளாஷ் செய்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு: வேலை பாதியில் அறுந்தால், லோகோவாவது காட்டிய செட் முற்றிலும் டெட் ஆகிவிடக்கூடும். போர்டைச் சுத்தம் செய்து, பேட்டரியையும் சோதித்த பிறகும் கைப்பேசி எழவில்லை என்றால் மட்டுமே சாஃப்ட்வேரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் தரவை அழிக்காத வழியையே முதலில் முயல வேண்டும். சாம்சங் கைப்பேசிகளில் ஃப்ளாஷ் செய்யும்போது, தரவை அழிக்காத ‘ஹோம் சிஎஸ்சி’ என்ற கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றுவதும், ஐபோனில் ‘ரீஸ்டோர்’ என்பதை விட்டு ‘அப்டேட்’ என்பதை அழுத்துவதும் அத்தகைய வழிகள். அழித்துவிட்டுப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கில்லை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் வெளிவந்த கைப்பேசிகளில் தரவுகள் குறியாக்கம் செய்தே சேமிக்கப்படுவதால், அதன் சாவி அழிந்தபின் நினைவகச் சில்லைத் தனியே கழற்றி எடுத்தாலும் படங்கள் கிடைக்காது.

கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. போர்டு வாஷுக்குப் பிடிக்கும் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுக்க நாமும் தயங்குகிறோம். பத்து நிமிடத்தில் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறோம். ஆனால், ஃப்ளாஷ் செய்வதற்கு முன் ‘உள்ளே உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா?’ என்று கேட்டு, ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதற்குச் செலவு எதுவும் இல்லை. செல்போன் கடைக்காரர்களின் சங்கங்கள் அடுத்த மழைக்கு முன் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். கேட்காமல் அழித்ததாகப் புகார் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். ஆனால் அதற்கும் கையில் ரசீது இருந்தால்தான் பேச முடியும். எங்களிடம் இருப்பது, அதே கடையில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியதற்கான ரசீது மட்டும்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.