நாலாவது டிவிஷனை 'ஓடிப்போன படை' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 1962 சீனப் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நேரு, கிருஷ்ண மேனன் பற்றி எழுதியதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் போகிற போக்கில், 'சே லாவில் சண்டை போடாமலே ஓடிப்போன நாலாவது டிவிஷன்' என்று ஒரு வரி வருகிறது. சே லா, இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தில் உள்ள மலைக்கணவாய். நாலாவது டிவிஷன், நம் இந்திய ராணுவத்தின் படை. அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நான் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் ராணுவப் பொறியாளர் படையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டாம் உலகப் போரில் எங்கள் 12ஆவது பீல்டு கம்பெனியும் 11ஆவது பீல்டு பார்க் கம்பெனியும் அந்த டிவிஷனோடுதான் இருந்தன. அதனால் இந்தக் கடிதம்.

முதலில், டிவிஷன் என்றால் என்ன? மூன்று பிரிகேடுகள், பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன்கள். அவற்றுக்குச் சொந்தமாகப் பீரங்கிப் படை, சாப்பர், சிக்னல், சப்ளை, மருத்துவம். எல்லாம் சேர்ந்து சுமார் 15,000 பேர். தலை எண்ணிக்கையைவிட முக்கியமானது, இவர்கள் ஒன்றாகப் பழகியவர்கள் என்பது. எந்த பட்டாலியன் எங்கே மாட்டிக்கொண்டாலும், பின்னால் இருக்கும் பீரங்கிக்காரனுக்கு அதன் குரல் தெரியும். அந்தப் பழக்கத்தை ஒரே மாதத்தில் உண்டாக்கிவிட முடியாது.

நாலாவது டிவிஷன் அப்படிப் பழகிய படை. 1939இல் எகிப்துக்குப் போனது. 1940 டிசம்பரில் நிபேவா முகாமையும் சிடி பர்ரானியையும் பிடித்தது. அங்கிருந்து உடனே சூடானுக்கு அனுப்பினார்கள். 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எரித்ரியாவின் கெரன் மலைகளில் இத்தாலியப் படையோடு ஏறக்குறைய எட்டு வாரம் மல்லுக்கட்டியது. ராஜ்புதானா ரைபிள்ஸின் சுபேதார் ரிச்பால் ராம் அங்கே உயிரைக் கொடுத்து, பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் ஜெனரல் வான் ஆர்னிம் சரணடைந்ததும் இந்த டிவிஷனிடம்தான். 1944இல் இத்தாலியின் மான்டே காசினோ. மலை உச்சியில் உள்ள கிறிஸ்தவ மடத்துக்குக் கீழே 'ஹேங்மேன்ஸ் ஹில்' என்ற மேட்டில் 9ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன், விமானத்தில் இருந்து போட்ட உணவையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பட்டாலியனின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

அதே காசினோ போர்க்களத்துக்குப் பின்னால் மினியானோ என்ற ஊர். 1944 பிப்ரவரி 24. எங்கள் 11ஆவது பீல்டு பார்க் கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கம் அவர் ஊர். ஜெர்மன்காரனின் எஸ் மைன் மிதித்தவுடன் வெடிக்காது. சில விநாடி கழித்து மேலே எகிறி, ஆள் இடுப்பு உயரத்தில் வெடித்துச் சுற்றியுள்ள எல்லோரையும் துளைக்கும். அந்தச் சில விநாடிக்குள் அவர் அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்திலேயே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு அது ஆறாத வருத்தம்.

இந்தப் படை 1962இல் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும். 1950களில் அது பஞ்சாப் சமவெளிக்கான படை. அம்பாலாவில் இருந்தபோது, பயிற்சி நேரத்தை எடுத்துக் குடியிருப்புகள் கட்டும் வேலையில் ஜவான்களை இறக்கினார்கள். அப்போது டிவிஷன் கமாண்டராக இருந்தவர் ஜெனரல் கௌல். 1962இல் டிவிஷனுக்கு மேல்நிலையில் உள்ள கோர் படைப்பிரிவின் கமாண்டராக வந்தவரும் அவரே. 1959 கடைசியில் மலைப்போர் பழகாத இந்த டிவிஷனை இமயத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் பிரித்தார்கள். 11ஆவது பிரிகேடு நாகா மலைப் பக்கம் போனது. 5ஆவது பிரிகேடு நேபாவின் (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) மற்ற பகுதிகளுக்குப் போனது. சே லா இருக்கும் கமெங் பகுதியில் மிச்சம் இருந்தது 7ஆவது பிரிகேடு ஒன்றுதான்.

அதையும் சீன எல்லையில் தக்லா முகடுக்குக் கீழே, நம்கா சூ ஆற்றங்கரையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு நீட்டி நிறுத்தினார்கள். மேலே சீனன், கீழே நாம். பருத்திச் சீருடை, ஆளுக்கு 50 தோட்டா. விமானத்தில் இருந்து இறக்கியதில் உருப்படியாகத் தேறியது இரண்டு சிறு பீரங்கிகள். அங்கே நின்றிருந்த பட்டாலியன்களில் ஒன்று காசினோவில் உட்கார்ந்திருந்த அதே 1/9 கூர்க்கா. அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் வந்தது. 2ஆவது ராஜ்புத் பட்டாலியனில் மட்டும் 280 பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள். பிரிகேடியர் தல்வி சிறைபிடிக்கப்பட்டார்.

நவம்பரில் சே லா, திராங், பொம்டிலாவில் நின்றவை 62, 65, 48ஆவது பிரிகேடுகள். அவசரமாக அள்ளிக்கொண்டுவந்தவை. டிவிஷனின் பழைய மூன்று பிரிகேடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. கமாண்டரையும் நடுப்போரில் மாற்றியிருந்தார்கள். பெயர்ப்பலகை மட்டும் நாலாவது டிவிஷன். சே லாவில் நிற்பதா, இறங்குவதா என்ற பேச்சு ஒரே இரவில் மேலிருந்து மாறி மாறி வந்தது. குளிரிலும் இருட்டிலும் இறங்கத் தொடங்கிய படை சிதறியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'சண்டை போடாமலே' என்பது பொய். அந்த இரவுக்கு முந்தைய பகலில்தான் சே லாவுக்கு முன்னால் நூரானாங்கில் 4ஆவது கார்வால் ரைபிள்ஸ் அலை அலையாக வந்த தாக்குதல்களைத் திருப்பி அடித்தது. ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத் அங்கேதான் இறந்தார்.

மூன்றே வருடம் கழித்து என்ன நடந்தது? 1965 செப்டம்பர், பஞ்சாபின் கேம்கரன் பகுதி. எதிரே பாகிஸ்தானின் முதல் கவச (டாங்கிப்படை) டிவிஷன், அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகளோடு. இங்கே அதே நாலாவது டிவிஷன், கமாண்டர் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங். நம் தரப்பின் தொடக்கத் தாக்குதல் பலிக்கவில்லை, படை பின்வாங்கியது. ஆனால் இந்தத் தடவை எங்கே நிற்பது என்று கமாண்டருக்குத் தெளிவு இருந்தது. அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் கரும்புக் காட்டுக்குள் பதுங்கினார்கள், வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பீரங்கிகளும், பிரிகேடியர் தியாகராஜின் 2ஆவது கவச பிரிகேடும் ஒரே திட்டத்துக்குள் இருந்தன. செப்டம்பர் 8 முதல் 10 வரை சேற்றில் சிக்கிய பேட்டன்களை ஒவ்வொன்றாக அடித்தார்கள். 97 டாங்கிகள் என்பது நம் தரப்புக் கணக்கு. அவற்றைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்கு 'பேட்டன் நகர்' என்றே பெயர் வந்தது.

ஜீப்பில் பொருத்திய ரிகாயில்லெஸ் (சுடும்போது பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியால் டாங்கிகளை அடித்து, அங்கேயே உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றவர் 4ஆவது கிரெனேடியர்ஸின் அப்துல் ஹமீது. அந்தப் பட்டாலியன் 1962இல் நம்கா சூவில் நின்ற பட்டாலியன். சூழ்ந்துகொண்ட சீனர்களிடம் இருந்து தப்பி பூட்டான் வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ஹமீதும் அப்போது அவர்களோடு இருந்தவர். நம்கா சூவில் கோழை, அசல் உத்தரில் வீரன் என்று ஒரே ஆளைச் சொல்ல முடியுமா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இன்னொன்று, 1962 தோல்வியை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இலேயே தயாராகிவிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிகேடியர் பகத். அரசு அதை இன்றுவரை முறைப்படி வெளியிடவில்லை. இணையத்தில் கசிந்த பகுதிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். யார் எந்தப் பிரிகேடை எங்கே பிரித்து அனுப்பினார்கள், யார் எப்போது எந்த உத்தரவைக் கொடுத்தார்கள் என்று அதிகாரபூர்வமாகத் தெரியாதவரை பழி ஜவான் தலையிலேயே கிடக்கும். அந்த அறிக்கையை முழுதாக வெளியிடக் கோரி உங்கள் இதழ் ஒரு தலையங்கம் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாப்பர் ஒருவர்,
வேலூர்.