யானை இல்லாத காடு

ஹமில்டன், நியூசிலாந்து

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். போனில் பாதியில் லைன் அறுந்துபோனதால் பயணக் கதையை எழுதியே அனுப்புகிறேன். "காட்டுக்குள்ள போய்ப் படுக்க உங்களுக்கென்ன பைத்தியமா மகள்?" என்று அப்பா கேட்டீர்கள். வயல் வட்டைக் காவலுக்குப் பரணில் ஏறி, யானைவெடியோடு விடிய விடிய இருக்கிற மனிசனுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே காட்டில் யானை இல்லை, கரடி இல்லை. பாம்புகூட இல்லை அம்மா, உண்மையாகத்தான். பயப்பட வேண்டியதெல்லாம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

ஏப்ரல் பள்ளி விடுமுறைக்குக் கூடாரத்தையும் போர்வைகளையும் காரில் அடைத்துக்கொண்டு புறப்பட்டோம். முதலில் ரொட்டோருவா. ஊருக்குள் நுழைய முன்பே கூழ்முட்டை நாற்றம், கந்தக வாயுவாம். மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு தகப்பனைத்தான் திரும்பிப் பார்த்தான். வீட்டு வளவு, தெருவோரக் கான், எங்கும் ஆவி கிளம்புகிறது. பக்கத்தில் வையோட்டாப்பு என்ற இடத்தில் சேறு, கூழ் கொதிப்பதுபோலக் குமிழ்விட்டுக் கொதிக்கிறது. சின்ன வயதில் எங்களை மகாஓயா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போனீர்களே, அது எரிமலைச் சூடு இல்லை. மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சுட்டு, பாறை வெடிப்பு வழியே மேலே வருவது. இங்கே அடியில் கிடப்பது பாறைக்குழம்பு.

அடுத்தது தௌபோ ஏரி. 616 சதுர கிலோமீற்றர், நம் மட்டக்களப்பு வாவியின் நாலு மடங்குக்கும் மேல். ஏறக்குறைய 25,500 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் உள்ளே இடிந்து விழுந்த பள்ளம்தான் அது. அங்கே ட்ரவுட் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும், பிடித்ததை விற்கவும் கூடாது. வாவியில் வலை வீசுகிற மாமாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

ருவாப்பேஹு மலை 2797 மீற்றர், நம் பீதுருதாலகாலையைவிட உயரம். உச்சியில், எரிமலை வாய்க்குள் ஒரு ஏரி. 1953 டிசம்பர் 24ஆம் திகதி இரவு அதன் கரை உடைந்து, சேறும் கல்லும் ஆற்றோடு இறங்கி டங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்துவிட்டது. சற்று நேரத்தில் வந்த ரயில் ஆற்றுக்குள் விழுந்து 151 பேர் போய்விட்டார்கள். நினைவிடத்தில் இவர் காரை நிறுத்தினார். நத்தாருக்கு முந்தின இரவு என்று வாசித்ததும், 2004இல் நத்தாருக்கு மறுநாள் காலை நாவலடிக்குள் புகுந்த சுனாமிதான் மனதில் வந்தது. நமக்கு ஒருவரும் சொல்லவில்லையே அப்பா. இங்கே பிறகு மலையில் கருவிகள் வைத்திருக்கிறார்கள். 2007 மார்ச்சில் அதே ஏரி மறுபடி உடைத்துக்கொண்டு வந்தபோது எச்சரிக்கை கிடைத்து வீதியையும் ரயிலையும் மறித்துவிட்டார்கள். ஒரு உயிரும் போகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அன்றிரவு ஓஹகூனேக்கு மேலே மலைக்காட்டில், அரசுத் திணைக்களம் நடத்துகிற முகாமிடத்தில் தங்கினோம். கரண்ட் இல்லை, குழி மலசலகூடம். குளிர் எலும்புக்குள் ஏறியது. காஸ் அடுப்பில் ரொட்டி சுட்டுச் சம்பலோடு சாப்பிட்டோம். நடுச்சாமத்தில் வெளியே கரகரவென்று சத்தம். "அம்மப்பாட யானை!" என்று மகன் எழும்பிவிட்டான். டோர்ச் அடித்தால் ஒரு பொசம். பூனையளவு, அடர்ந்த வால். மிச்ச ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிறது. விரட்டினால் நகரவேயில்லை, அதற்கு வெடியும் தெரியாது, பயமும் தெரியாது. உரோமத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். இப்போது மரங்களை மொட்டையாக்குகிறது, பறவை முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. எலி, பொசம், கீரிபோன்ற ஸ்டோட் எல்லாவற்றையும் 2050க்குள் ஒழிப்பது அரசின் திட்டம். காட்டுப் பாதையோரம் மரப்பெட்டிக்குள் பொறி வைத்திருக்கிறார்கள். அப்பா வந்திருந்தால் அதைக் கழற்றிப் பார்க்காமல் நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

இத்தனை பாடும் கிவி போன்ற பறவைகளுக்காகத்தான். அதை ரொட்டோருவாவில், மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தோம். அம்மா, கோழியளவுதான் இருக்கும். ஆனால் இடுகிற முட்டை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வருமாம். பாவம்.

திரும்பும்போது டயர் ஒன்று போய்விட்டது, அதனால் இந்த மாதக் காசு ஒரு கிழமை பிந்தும். சிறுபோகத்துக்கு முன் உங்கள் பக்கம் மின்சார வேலி போடுகிறார்களா என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். போடாவிட்டால் அப்பா பரண் ஏற வேண்டாம். காவலுக்கு ஆள் பிடியுங்கள், கூலியை நான் அனுப்புகிறேன்.

அன்பு மகள்