மெடிக்கல் கடை அண்ணன்மார்களுக்கு ஒரு மடல்

வடசென்னையில் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போதைக்காக ஊசி போட்டுக்கொள்கிறவர்களோடு பழகுவதும், அவர்களைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதும் என் வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்கை மடிப்பில் கோழிமுட்டை அளவுக்குச் சீழ்க்கட்டி. தூக்க மாத்திரையைக் கரைத்து ஏற்றியிருக்கிறான். மாத்திரையில் மருந்து துளிதான். மிச்சமெல்லாம் மாவும் டால்க்கும். விழுங்குவதற்குச் செய்தது, ரத்தக்குழாயில் போனால் அடைத்துக்கொள்கிறது. "எத்தனைடா போட்டே?" என்றேன். அவனுக்கே தெரியவில்லை. இந்த மாத்திரையின் குணமே அதுதான். போட்டதை மறக்கடித்து மறுபடி போட வைக்கும். யாருடைய ஊசியை வாங்கிக் குத்தினோம் என்பதும் நினைவில் நிற்காது. ஹெராயினோடு சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கும். பக்கத்தில் இருப்பவர்கள், பையன் அசந்து தூங்குகிறான் என்றே இருந்துவிடுவார்கள்.

இந்த வகை மாத்திரைகளான டயஸிபாம், நைட்ரஸிபாம், அல்பிரஸோலாம் எல்லாம் 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கின்றன. எழுதிய டாக்டர், வாங்கியவர், எண்ணிக்கை எல்லாம் தனி நோட்டில் ஏற வேண்டும், அந்த நோட்டு 3 வருஷம் இருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் மடிப்பில் கிழிந்து, தேதி அழிந்த ஒரே டாக்டர் சீட்டு கடை கடையாக ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு கடை முத்திரைகூட இல்லை. மாத்திரை அட்டையைக் கொடுத்தால் சீட்டிலேயே கடை பெயரும் தேதியும் குத்துங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

சீட்டில்லாமல் வந்தால் கொடுக்காதீர்கள். ஆனால் வெறுமனே விரட்டவும் வேண்டாம். மாதக்கணக்கில் போட்டவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். "தம்பி, ஒரேயடியா நிறுத்தாதே, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி ஓபிக்குப் போ, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார்" என்று சொல்லுங்கள். போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். புது சிரிஞ்ச் மட்டும் கேட்டால் மறுக்காதீர்கள். நீங்கள் மறுத்தால் அவன் அடுத்தவன் போட்டதைத்தான் எடுப்பான்.

அந்தத் தம்பிக்குக் கட்டியைக் கீறி ஆற்றிவிட்டார்கள். மாத்திரையும் குறைந்துகொண்டு வருகிறது. தினமும் சாயங்காலம் உங்களில் ஒருவருடைய கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறான்.