லீராயைத் தடை செய்யுங்கள்: டெக்கன் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். மே மாதம் ஊட்டியில் நடந்த டெக்கன் 7 என்ற சண்டை வீடியோ கேம் போட்டியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியின் இரண்டாவது சுற்றுலா சீசனுக்கு அடுத்த போட்டி வைப்பதாகவும், லீராய் என்ற கேரக்டரை எடுத்து ஆடுவதைத் தடை செய்வதா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். லீராயைத் தடை செய்யுங்கள்.

உங்கள் பிஎஸ்4 கேம் மெஷின்கள் பல வருடமாக அப்டேட் ஆகவில்லை. ஹாலில் நெட் கிடையாது, கிடைத்தாலும் அத்தனை ஜிபி இறங்காது. அதில் ஓடுவது லீராய் வந்த புதிதில் இருந்த வெர்ஷன். அவன் வந்தது 2019 டிசம்பரில். அடுத்த மாதமே ஈவோ ஜப்பான் என்ற பெரிய போட்டியில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் அவனைத்தான் எடுத்திருந்தார்கள். டெக்கனை வெளியிடும் பாண்டாய் நாம்கோவே அந்த வருடம் பேட்ச் என்கிற திருத்த அப்டேட் விட்டு அவன் வலுவைக் குறைத்தது. கம்பெனியே அதிகம் என்று ஒப்புக்கொண்டு மாற்றியதை நாம் மட்டும் அப்படியே வைத்து ஆடுகிறோம்.

நாடுகாணியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். விடியுமுன்னே பஸ் ஏறி, நடுவட்டம் வளைவுகளில் வாந்தி எடுத்து, இருநூறு ரூபாய் நுழைவுக் கட்டணத்தைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தான். அவன் ஆடுவது லா. அந்தக் கேரக்டரில் அவனுக்குத் தெரியாதது கிடையாது. எதிரே உட்கார்ந்தவர் கோயம்புத்தூர்க்காரர், எடுத்தது லீராய். கடைசி ரவுண்டில் தம்பி அவரைச் சுவரோரம் தள்ளிவிட்டான். இன்னும் ஓர் அடி விழுந்தால் ஜெயம். ஜாப் என்கிற சின்னக் குத்து போட்டான், லீராய் அதைத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்தான். அதற்குப் பிறகு தம்பியின் கை எழவே இல்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணா, அத எப்படிண்ணா தடுக்கறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைப் பழகிப் பார்க்க அவனுக்கு வழியில்லையே! லீராய் காசு கொடுத்து வாங்க வேண்டிய கேரக்டர். வாங்காதவன் பிராக்டிஸ் மோடில் அவனை எதிரே நிறுத்திக்கூடப் பார்க்க முடியாது.

அந்தக் கோயம்புத்தூர் ஆட்டக்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை. விதியில் இருந்ததைத்தான் எடுத்தார், நன்றாகவும் ஆடினார். என் வருத்தம் விதி எழுதியவர்கள்மேல்.

"எல்லாரும் லீராயையே எடுக்கலாமே" என்று அன்று உங்களில் ஒருவர் சொன்னார். எடுத்தால் மிஞ்சுவது லீராயும் லீராயும் மோதுகிற போட்டிதான். ஐம்பது கேரக்டர் எதற்கு? டெக்கன் 3 காலத்தில் கேம் கடைகளில் எட்டி என்ற கேரக்டரை "எடுக்கக் கூடாது" என்று சண்டை போடுவோம், ஞாபகம் இருக்கும். அது வேறு. எட்டியின் காலாட்டம் பழகாதவனுக்குத்தான் பயம், பழகினால் அடித்துவிடலாம். அகுமா என்ற கேரக்டரைப் பாருங்கள். 1994-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ என்ற இன்னொரு சண்டை கேமில் அவன் காற்றில் இருந்தபடியே நெருப்புப் பந்து விடுவான், பழகினவனுக்கும் தப்ப வழி இருக்காது. அதனால் போட்டிகளில் அவனுக்குத் தடை. ஜப்பானில் விதியே போடாமல் ஆட்டக்காரர்களே அவனை எடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அதே அகுமா டெக்கன் 7-இலும் பலசாலிதான், அவனைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் எல்லார் டிஸ்கிலும் இருக்கிறான், எல்லாராலும் பழக முடியும்.

இந்த மலையில் எதுவுமே கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்காகத்தான் நடக்கிறது. சீசன் என்றால் ரோடு அவர்களுக்கு, பஸ் அவர்களுக்கு, கண்காட்சி அவர்களுக்கு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் பிள்ளைகள் மழை மாதம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பசுந்தேயிலைக்கு விலை இல்லாத வருடத்தில் எந்த வீட்டில் கேமுக்குக் காசு கேட்க முடியும்? கையில் இருக்கிற ஒரே ஒரு கேரக்டரைத் தேய்த்துத் தேய்த்துப் பழகி வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று நீங்கள் ஒரு போட்டி வைத்தீர்கள், அதற்கு என் நன்றி எப்போதும் உண்டு. அந்த ஒன்றிலாவது அவர்கள் சமமாக உட்கார்ந்து ஆட வேண்டாமா? கோபமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். லீராயைத் தடை செய்யுங்கள். நிரந்தரத் தடை என்று சொல்லவில்லை. நெட் உள்ள இடத்துக்கு பிஎஸ்4-களைக் கொண்டுபோய்க் கடைசி வெர்ஷன் வரை ஏற்றிவிட்டால், அன்றைக்கே தடையை எடுத்துவிடலாம், நானே வந்து கேட்பேன். பிஎஸ்4-களைச் சுமக்க ஆள் வேண்டுமென்றால் கூடலூரிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் வருகிறோம்.

முடிவு எதுவானாலும் பதிவு தொடங்குமுன் விதிகளில் எழுதிப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த போட்டிக்கு வரட்டுமா என்று தம்பி இரண்டு தடவை கேட்டுவிட்டான். பஸ் காசு சேர்க்க அவனுக்கு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
கூடலூர்ப் பக்கத்து டெக்கன் ஆட்டக்காரன் ஒருவன்