மஞ்சள் முக்கோணத்திற்குப் பின்னால் இருக்கும் எண்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்தி, அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நல்ல கணினி ஒன்று வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக மூலைக்குப் போவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மூன்று சாதனங்களுக்கு மஞ்சள் முக்கோணம் என்ற எச்சரிக்கைக் குறி விழுந்திருப்பதாகவும், வைஃபை வேலை செய்யவில்லை என்றும், சாதனங்களை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர்களைத் தானே கண்டுபிடித்துத் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த மென்பொருளை நிறுவாதே. உன் கேள்விக்கான விடை அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டரால். அதன் முதுகில் மாடல் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலேயே டிரைவரை எடுத்து நிறுவினேன், அது ஏற்கவில்லை. இரண்டு நாட்கள் வெவ்வேறு பதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான், ஒரே மாடல் பெயரில் ஒரே உறையில் விற்கப்படும் பொருளுக்குள் அதன் ஒவ்வொரு திருத்தப் பதிப்பிலும் வேறு நிறுவனத்தின் சிப் இருக்கக்கூடும் என்பது எனக்குப் புரிந்தது. வெளியே இருக்கும் பெயர் விற்பனைக்கானது. டிரைவர் பேசுவது உள்ளே இருக்கும் சிப்புடன். ஆகவே சிப்பிடமே நீ யார் என்று கேட்க வேண்டும்.

கேட்கும் வழி எளிது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுள்ள சாதனத்தின் மேல் வலது சொடுக்கிட்டு பிராப்பர்ட்டீஸைத் திற. டிரைவரே நிறுவப்படவில்லை என்றால் அங்கே பிழை எண் 28 என்று இருக்கும். பிறகு டீட்டெய்ல்ஸ் பக்கத்திற்குப் போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடு. புரியாத எழுத்துச் சங்கிலி ஒன்று தோன்றும். அதில் 'வென்' (VEN) என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை. 'டெவ்' (DEV) என்பதற்குப் பின் வரும் நான்கும் அந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்பதைச் சொல்பவை. யூஎஸ்பி சாதனமாக இருந்தால் இவற்றின் இடத்தில் 'விஐடி', 'பிஐடி' என்று இருக்கும். இவை பதினாறை அடியாகக் கொண்ட எண்கள் என்பதால் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள் இடையிடையே கலந்து வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

நிறுவன எண்களைத் தயாரிப்பாளர்கள் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. மதர்போர்டுடன் உள்ளே இணையும் பிசிஐ சாதனங்களுக்குப் பிசிஐ-சிக் என்ற அமைப்பும், யூஎஸ்பி சாதனங்களுக்கு யூஎஸ்பி-ஐஎஃப் என்ற அமைப்பும் ஒதுக்கித் தருகின்றன. ஒரு நிறுவனத்தின் எண் மற்றொன்றுக்குப் போகாது என்ற ஒழுங்கு இருப்பதால்தான் இந்த வழி நம்பத்தக்கதாகிறது. இன்டெலின் எண் 8086; 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற ப்ராசஸரின் பெயரே அது. ஏஎம்டி கிராபிக்ஸ் சிப்புகள் 1002 என்று சொல்லும். 8086, 0085 என்ற இணை கிடைத்தால் அது இன்டெலின் சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6205 என்ற வைஃபை கார்டு என்று பெட்டியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். இந்த எண்களுக்குரிய பெயர்களைத் தொகுத்த பொதுப் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. எண்ணை அப்படியே தேடினாலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சங்கிலியில் 'சப்சிஸ்' (SUBSYS) என்று மேலும் எட்டு இலக்கங்கள் வருவதைக் கவனி. பலர் இதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிப்பை வாங்கித் தன் கணினியிலோ கார்டிலோ பொருத்திய நிறுவனத்தின் அடையாளம் அது. கடைசி நான்கு இலக்கங்கள் 1028 என்றிருந்தால் பொருத்தியது டெல். ஒரே ஒலிச் சிப்பை இரண்டு நிறுவனங்கள் வாங்கி, ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் சிப்பின் வெவ்வேறு இணைப்புக் கால்களில் இணைத்திருக்கலாம். அப்போது பொதுவான டிரைவரைப் போட்டால் முக்கோணம் மறையும், ஆனால் ஹெட்போனில் ஒலி வராது. அதனால்தான் மடிக்கணினி என்றால் முதலில் அதன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குரிய டிரைவரைத் தேடு என்கிறேன். அங்கே கிடைக்காவிட்டால்தான் சிப் தயாரித்தவரிடம் போக வேண்டும்.

இனி உன் மூன்று சாதனங்களுக்கு வருகிறேன். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்றிருப்பது உன் வைஃபை கார்டாகத்தான் இருக்க வேண்டும். தன் பெயர் தெரியாத நிலையிலும் ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தான் எந்த வகை என்பதை ஒரு குறியீட்டால் அறிவிக்கும். விண்டோஸ் அந்த வகைப்பெயரை மட்டும் காட்டுகிறது. 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்பதும் அப்படிப்பட்ட பெயரே. பெயரைப் பார்த்து மோடம் என்று எண்ணிப் பலர் அலைந்திருக்கிறார்கள். உன்னுடையது இன்டெல் கணினி என்பதால், அது பெரும்பாலும் கணினியின் உள் நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற பகுதியின் இடைமுகமாக இருக்கும். எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்பாய். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிரும் டெதரிங்கை இயக்கினால் அந்த நேரத்திற்கு இணையம் கிடைத்துவிடும்.

இறக்கிய டிரைவரை நிறுவும் முன் ஒரு சோதனை செய்யலாம். டிரைவர் கோப்புறையில் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து உன் சாதனத்தின் எண்ணைத் தேடு. விண்டோஸ் ஒரு சாதனத்தையும் டிரைவரையும் பொருத்துவது இந்தக் கோப்பில் இருக்கும் எண்களைக் கொண்டுதான். எண் அங்கே இல்லையென்றால் அந்த டிரைவர் உன் சாதனத்திற்காக எழுதப்பட்டதன்று, கட்டாயப்படுத்தி நிறுவாதே.

எண்ணும் பொய் சொல்லுமா என்று உனக்குத் தோன்றலாம். சொல்லும். யூஎஸ்பியைச் சீரியல் என்ற பழைய இணைப்பு முறைக்கு மாற்றும், எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப்புகளுக்குப் போலிகள் பெருகியிருந்தன. அவை அசலின் எண்களையே சொல்லிக்கொண்டன. 2014இல் அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியே வந்தபோது, போலிச் சிப்புகளின் சாதன எண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதிவிட்டது. சாதனம் பழுதாகவில்லை, ஆனால் அதை அடையாளம் காண வழக்கமான டிரைவர்களால் முடியவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. தம்மிடம் இருப்பது போலி என்றே அறியாதவர்களின் கருவிகளைச் செயலிழக்கச் செய்தது தவறு என்பதே என் கருத்து. கணினி உலகில் ஒரு பொருளின் இருப்பே நான்கு இலக்கங்களைச் சார்ந்து நிற்கிறது என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்வும் அதுவே.

வென், டெவ் எதுவும் இல்லாமல் 'ஏசிபிஐ' என்று தொடங்கும் சங்கிலியும் உண்டு. வெறுமனே 'அன்நோன் டிவைஸ்' என்று காட்டும் உன் மூன்றாவது சாதனம் அந்த வகையைச் சேர்ந்தது என்று ஊகிக்கிறேன். சிறப்பு விசைகள், மின் மேலாண்மை போன்றவற்றுக்காக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் எழுதப்பட்டவை இவை. இவற்றைப் பற்றிக் கணினித் தயாரிப்பாளருக்கே முழுமையாகத் தெரியும். லினக்ஸ் இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையால் பார்க்கும் என் வழக்கமான வழியும் இங்கே உதவாது. அது பிசிஐ சாதனங்களை மட்டுமே காட்டும்.

தயாரிப்பாளர் உன் மாடலின் பக்கத்தை நீக்கிவிட்டிருந்தால் கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்க் உதவும். அதை அழித்துவிடாதே. யூஎஸ்பி உறையில் போட்டு இணைத்து, விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32க்குள் இருக்கும் டிரைவர்ஸ்டோர் என்பதைத் தேடு. பழைய விண்டோஸ் பயன்படுத்திய டிரைவர்கள் அங்கேதான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவரைக் கணினியிலேயே தேடும்படி சொல்லி அந்தக் கோப்புறையைக் காட்டு. இரண்டு விண்டோஸும் 64 பிட் என்றால் ஏற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கும் அசையவில்லையென்றால் மூன்றாவது சாதனத்தின் சங்கிலியை ஓர் எழுத்தும் விடாமல் எழுதி எனக்கு அனுப்பு. நானும் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்