கலாவுக்கு, நம்ம செங்காலிங்க விஷயமா

அன்புள்ள கலா,

எப்படி இருக்க, ஆபரேஷனுக்கு அப்புறம் அண்ணன் மாடிப்படி ஏறுறாரா, ஜோஹன்னஸ்பர்க் லெனேசியால குளிர் விட்டுச்சா? இங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல எல்லாரும் சௌக்கியம். புரட்டாசி நடக்குது, வீட்ல கறி மீன் கிடையாது, சனிக்கிழமை பூஜைக்கு வேண்டியது எல்லாம் இப்ப மருமகளே பார்த்துக்குறா. பேத்தி தேவாரம் போட்டியில பாடப்போறா, எந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் அதே பாட்டு தான்.

உன் கதை மூணு சாப்டரும் வந்துச்சு, திரும்பத் திரும்ப படிச்சேன். கோயில் தமிழ் கிளாஸ்ல நோட்டோட கடைசிப் பக்கத்துல நாம வரைஞ்ச செங்காலிங்குற கற்பனை டைனோசர நீ இத்தன வருஷம் கழிச்சு எந்திரிச்சு ஓட வச்சுட்டடி, அந்த சிவப்புக் கால், நெத்தியில அந்த கொண்டை, எதையும் நீ மறக்கல. படிக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு. அதனாலயே மனசுல பட்டத மறைக்காம சொல்றேன். அதுங்க புத்திய நீ முழுக்க வேட்டையிலயே வச்சுட்ட, ரெண்டு பக்கமும் வளைக்குறது, ஒண்ணு சத்தம் குடுத்து விரட்ட இன்னொண்ணு பள்ளத்துல பதுங்குறது, எல்லாம் விறுவிறுப்பா தான் இருக்கு. ஆனா இரை விழுந்ததுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு ஒரு வரி கூட இல்லையே. யாரு மொதல்ல திங்குறாங்க, யாரு காத்திருக்காங்க, யாரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க? ஒரு கூட்டம் எப்படிப்பட்ட கூட்டம்னு எனக்கு அங்க தான் தெரியும்.

நிஜ டைனோசருங்க கதையே இத தான் சொல்லுது. டைனோனிகஸ்னு ஒரு வேட்டை டைனோசர், ஜான் ஆஸ்ட்ரம்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1969ல பேர் வச்சது. அமெரிக்காவுல மொண்டானா பக்கம் பெரிய இலைதின்னி ஒண்ணோட எலும்புங்க கிடந்த இடத்துல இதோட பல்லுங்களும் சிதறிக் கிடந்ததால, ஓநாய் மாதிரி கூட்டமா வேட்டையாடியிருக்கும்னு எல்லாரும் நம்பிட்டாங்க. 2007ல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுந்து, முதலையும் கொமோடோ பல்லியும் கூட ஒரே பொணத்து மேல வந்து கூடும், அடிச்சுக்கும், ஒண்ண ஒண்ணு கொன்னு தின்னும், அதுக்குப் பேரு குடும்பமான்னு கேட்டாங்க. அப்புறம் 2020ல பல்லுல இருக்குற கார்பன அளந்து பார்த்தாங்க, சின்ன பல்லுல ஒரு மாதிரி பெரிய பல்லுல வேற மாதிரி இருந்துச்சு, அதாவது குஞ்சு தின்னது வேற பெருசு தின்னது வேற. பெத்தவங்க கொண்டாந்து ஊட்டியிருந்தா ரெண்டும் ஒரே மாதிரி தானே இருந்திருக்கணும். அந்த ஆராய்ச்சிய படிச்சதுல இருந்து எனக்கு இது மனசுல பதிஞ்சு போச்சு, கூடி நின்னு திங்குறது ஒண்ணு, ஊட்டி வளர்க்குறது வேற ஒண்ணு. நம்ம செங்காலி நாம உண்டாக்கினது, அது எந்தப் பக்கம்னு நாம தான் முடிவு பண்ணணும், நான் ஊட்டி வளர்க்குற பக்கம்.

அதுக்கு பாடம் எடுக்க ஹாலிவுட் பக்கம் போகவே வேணாம், நம்ம தென்னாப்பிரிக்காவுலயே இருக்கு. இன்சிங்கிசி ஞாபகம் இருக்கா, மழை வர்றதுக்கு முன்னாடி கூவும்னு சூலு ஜனங்க சொல்ற கறுப்பு பறவை, சிவப்பு முகம், தரையில வரிசையா நடந்துபோய் பாம்பு, ஆமை, தவளைன்னு பிடிக்கும், பறவைன்னாலே டைனோசர் வம்சம் தானே, இத விட கிட்டத்துல நமக்கு சாட்சி கிடையாது. ஒரு கூட்டத்துல ஒரே ஒரு ஜோடி தான் முட்டை போடும், மத்ததெல்லாம் ஒத்தாசைக்கு. பொட்டை அடைகாக்கும்போது கூட்டமே அதுக்கு இரை கொண்டாந்து குடுக்கும். பெரும்பாலும் ரெண்டு முட்டை போடும், ரெண்டாவது குஞ்சு பசியிலயே செத்துடும், அந்த கொடுமையும் அதுக்குள்ள தான் இருக்கு, அத மறைச்சுட்டு நல்லத மட்டும் எழுதாத. அப்படி வளர்த்த குஞ்சும் வருஷக்கணக்கா கூட்டத்தோடயே நடந்து தான் வேட்டைய கத்துக்கும். உன் கதையில செங்காலிக் குஞ்சுங்க பொறந்த மறுநாளே பாயுதே, அது வேணாம் கலா. அதுங்க தப்பா பாயட்டும், பல்லி தப்பிக்கட்டும், பெருசுங்க பாதி உசுரோட ஒண்ண கொண்டாந்து முன்னால போடட்டும்.

காட்டு நாய்ங்களும் அப்படி தான், 1980 வாக்குல ஹ்லுஹ்லுவே பார்க்ல திரும்ப கொண்டாந்து விட்டாங்களே, அதுங்க. வேட்டைக்குப் போனதுங்க இரைய வயித்துல சுமந்துட்டு வந்து குழிக்கிட்ட இருக்குறதுங்களுக்கு கக்கிக் குடுக்கும், இரை மேல குட்டிங்க தான் மொதல்ல திங்கும், பெருசுங்க ஒதுங்கி நிக்கும். போட்ஸ்வானால 2017ல கண்டுபிடிச்சாங்க, கிளம்பலாமா வேணாமான்னு தும்மி முடிவு பண்ணுதாம்! தலைவனோ தலைவியோ ஆரம்பிச்சா 3 தும்மல் போதும், மத்ததுங்க ஆரம்பிச்சா 10 வரைக்கும் வேணும். செங்காலிங்களுக்கும் இப்படி ஒண்ணு வை, உன் கதையில தலைவி உறுமுனா எல்லாம் கிளம்பிடுது, அது ரொம்ப சுலபமா இருக்கு. தலையாட்டலோ கால் தட்டலோ ஏதோ ஒண்ணு, சின்னதுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கட்டும்.

இடமும் காலமும் நீ சரியா தான் புடிச்சிருக்க, நம்ம நாட்டு கோல்டன் கேட் மலை, 19 கோடி வருஷம் முன்னாடி. அங்க ஜேம்ஸ் கிச்சிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1976ல எடுத்த, மாசோஸ்பாண்டிலஸ்ங்குற டைனோசரோட முட்டைங்க உங்க ஊரு விட்ஸ் யூனிவர்சிட்டியில தான் இருக்கு. உள்ள இருந்த குஞ்சுக்கு பல்லே கிட்டத்தட்ட இல்ல, அதனால பெத்ததுங்க கவனிச்சிருக்கும்னு நினைக்கிறாங்க. அதே இடத்துல 10 கூடுங்க கிடைச்சதா 2012ல எழுதினாங்க, ஒரு கூட்டுல 34 முட்டை வரைக்கும், குட்டிக் காலடித் தடம் கூட இருக்கு. கூடுங்க ஒரே மட்டத்துல இல்ல, மண்ணு அடுக்கடுக்கா படிஞ்சதுல வேற வேற அடுக்குல இருக்கு, அப்படின்னா தாய்ங்க திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்திருக்குன்னு தானே அர்த்தம்?

இப்ப யோசிச்சுப் பாரு. வறண்ட பூமி, அங்க ஒரு வேட்டைக் கூட்டம், முட்டை போடுற மாசோஸ்பாண்டிலஸ் தாய்ங்க எந்த மழைக்கு அப்புறம் எந்த கரைக்கு வருவாங்கன்னு தெரிஞ்சு வச்சிருந்தா அந்த வருஷம் செங்காலிக் குஞ்சுங்க பொழைக்கும், தெரியலன்னா சாகும். அத யாரு தெரிஞ்சு வச்சிருப்பா? ஓடத் தெம்பு உள்ளதுங்களா? மூணாவது சாப்டர்ல நீ காலு உடைஞ்ச கிழவிய பாறைக்கிட்ட விட்டுட்டு கூட்டத்த கிளப்பிக் கூட்டிட்டுப் போயிட்டியே, அங்க தான் எனக்கு தாங்கல. அவ ஒருத்திக்கு தான் மழை பொய்ச்ச பழைய வருஷம் ஞாபகம் இருக்கும். அவளால ஓட முடியாது, ஆனா குஞ்சுங்கள பார்த்துக்க முடியும், எந்தப் பக்கம் போகணும்னு மூஞ்சிய திருப்பிக் காட்ட முடியும். வேட்டை முடிஞ்சு ஒருத்தி மட்டும் தனக்கு கிடைச்ச ஈரல தின்னாம வாயில கவ்விட்டு திரும்பி வந்து அவ முன்னால போடுறத எழுது. மத்ததுங்க எதிர்க்கட்டும், சண்டை கூட வரட்டும், பசியில இருக்குற கூட்டத்துல அது வராம இருக்காது, ஆனா அடுத்த நாள் இன்னொண்ணும் அப்படியே செய்யட்டும்.

டிசம்பர் லீவுக்கு மகன் வண்டி ஓட்டுறேன்னு சொல்லியிருக்கான். நாங்க டர்பன்ல இருந்து வர்றோம், நீயும் அண்ணனும் அங்கிருந்து வாங்க, ஹாரிஸ்மித்ல சந்திச்சு சேர்ந்து கோல்டன் கேட் போகலாம், அந்த சிவப்பு மண்ண நீ கண்ணால பார்த்துட்டு மிச்ச சாப்டருங்கள எழுது. அதுக்குள்ள மூணாவது சாப்டர மட்டும் மாத்தி அனுப்பு, கிழவி உசுரோட இருக்கணும்.

அண்ணன கேட்டதா சொல்லு.

அன்புடன்,
தேவகி