வன்னி மிட்வைஃபுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எடை குறைவு என்று மகள் பயப்படாமல் பிள்ளையை மார்போடு அணைத்தே வைத்திருக்கட்டும். உனக்கா நான் சொல்ல வேண்டும்! இங்கே மழை பிடித்துவிட்டது. பச்சைத் தேயிலைக்குத்தான் விலையே இல்லை.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். காசா செய்தி பார்த்துவிட்டு ஒருத்தி, "சண்டை நடக்கிற இடத்தில் பிரசவம் எப்படிம்மா பார்ப்பாங்க?" என்று கேட்டாள். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நான் கப்பலேறி இந்த மலைக்கு வந்தேன். நீ 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு வட இலங்கையின் வன்னிக்குப் போனாய். போரின் நடுவே பிரசவம் பார்த்த நீதான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள்.

தெரிந்ததைச் சொன்னேன். 2009 நவம்பரில் நிலச்சரிவில் குன்னூர், கோத்தகிரி சாலைகள் துண்டானபோது நிறைமாதக்காரிகளை எப்படி இறக்குவது என்று தவித்தோம். மழைக்காலத்தில் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் தங்க வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. உங்களுக்கு அதுவும் இல்லை. அதே வருடம் பிப்ரவரியில் உங்கள் வன்னியின் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேலேயே ஷெல் விழுந்தது. 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனையையே தாக்கினார்கள். கொண்டுபோய்ச் சேர்க்கிற இடமே ஆபத்து என்றால் செவிலி என்னதான் செய்வாள்?

குண்டில் சாகிறவர்களையாவது செய்தியில் காட்டுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காமல் போகிறவளை யார் காட்டுகிறார்கள்? இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். உதிரப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்டும் டீசலும் இல்லாமல் ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும்? போரில் உங்கள் பகுதிக்குப் பொருள்களை அரசு விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் நீ பிரசவம் பார்த்ததை எழுதியிருந்தாயே. எதிரி நாட்டுக் கர்ப்பிணிக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் போகிற அத்தியாவசிய உணவுக்கு வழிவிட வேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. சொந்த நாட்டுக் கர்ப்பிணிக்கு வழிவிட என்ன தடை? இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

மனம் வைத்தால் முடியும் என்பதும் நமக்குத் தெரியும். 1985-இல் எல் சால்வடாரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட இரு தரப்பும் சண்டையை நிறுத்தினார்கள். தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்துக்காக உங்கள் பக்கமும் அது நடந்தது. சொட்டு மருந்துக்கு ஒரு நாள் நிறுத்த முடிந்தவர்கள், வலி எடுத்தவளைக் கூட்டிப்போகும் வண்டிக்கு ஏன் வழிவிடக் கூடாது?

அப்புறம், தாய்ப்பால். இதை நீயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று முகாமில் தாய்மார் அழுவார்கள் என்றாய். பயத்தில் பால் இறங்கத் தாமதமாகும், ஆனால் சுரப்பு நிற்காது; பிள்ளை விடாமல் சப்பினால் வந்துவிடும். இது தெரியாமல் நல்ல மனதோடு மாவுப்பால் டின்களை அனுப்புகிறார்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல ஒரு மிட்வைஃப் இருந்தாலே பாதிப் பிள்ளைகளுக்குப் புட்டி தேவைப்படாது என்பது என் எண்ணம். சரிதானே?

அந்தப் பெண்களோடு வீடியோ காலில் பேசுவாயா? இடம்பெயரும்போது பையில் முதலில் எதை வைத்தாய், அட்டை தொலைந்த பிள்ளைக்குத் தடுப்பூசிக் கணக்கை எப்படிப் பார்த்தாய் என்றெல்லாம் கேட்கக் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு வசதி. உனக்குத் தோதான நேரத்தை எழுது.

அன்புடன்,
உன் தோட்டப் பள்ளித் தோழி